வேலூருக்குக் கொண்டுபோன மெழுகு

ரூபி, சாம், உங்கள் ரெண்டு பேருக்கும் அம்மை போட்டிருந்ததால் கூட்டிப்போக முடியவில்லை. "அக்கா இன்னா பண்ணா?" என்று நீங்கள் கேட்டபோது எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை 7.40க்கு ஆம்பூரில் பஸ் ஏறினேன். வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். "வர்றப்போ மெழுகு எடுத்துனு வாப்பா. சுவரு விளிம்புல தேய்ச்சா ஸ்கேட்போர்டு பலகை நல்லா வழுக்கும்" என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். மெழுகு என்றால் எனக்குத் தெரிந்தது ஷூ கம்பெனியில் தையல் நூலுக்குத் தடவுவதுதான். அதில் ஒரு கட்டி சட்டைப் பையில் இருந்தது. பள்ளிகொண்டா வருவதற்குள் வெயிலில் இளகிப் பையெல்லாம் கறை.

"இன்னா அண்ணே, பேனா ஒழுவுதா?" என்றார் கண்டக்டர்.

"மெழுகு."

"கோயிலுக்கா?"

"பொண்ணுக்கு."

அவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

9.10க்கு விடுதி வாசல். நர்சிங் படிப்பில் சேர்ந்து ஐந்து மாதமாக அக்கா ஜெனி வீட்டுக்கு வரவில்லை, மெலிந்திருந்தாள். மறுநாள் ஆறு மாதப் பயிற்சிக்கு மதுரை போகிறாள். அங்கே பலகைக்கு இடமில்லை என்று அதை என்னோடு அனுப்புவதாக ஏற்பாடு. மூன்று மாதமாகப் பழகியும் கைகூடாத ஒரு வித்தையை அன்றைக்கே, நான் பார்க்கச் செய்துவிட வேண்டும் என்று இருந்தாள். ஐந்து மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும்.

பாதி கட்டி நிற்கும் ஒரு கல்யாண மண்டபத்து முற்றம். படிகளின் இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சிமெண்ட் சுவர். வித்தைக்குப் பேர் ஸ்மித் கிரைண்ட். பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரும்பு அச்சு ரெண்டு உண்டு. ஓடிவந்து எம்பி, பின் அச்சைச் சுவர் விளிம்பில் ஏற்ற வேண்டும். முன் அச்சு சுவருக்கு வெளியே கீழே தொங்க வேண்டும். அப்படியே உரசிக்கொண்டு போய் இறங்க வேண்டும்.

அவள் ஷூவைப் பார்த்தேன். இடது சுண்டுவிரல் பக்கம் தோல் தேய்ந்திருந்தது. பதினோரு வருஷமாக அந்த இடத்தில் ரெட்டைத் தையல் போடுகிறேன். ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளிம்பில் நானே மெழுகைத் தேய்த்தேன். படம் பிடிக்கச் சொல்லி ஜெனி தன் போனைக் கொடுத்துவிட்டு ஓடிவந்து ஏறினாள். பலகை அங்கேயே ஒட்டி நின்றது, அவள் மட்டும் பறந்துபோய் விழுந்தாள். முழங்கையில் ரத்தம்.

தோழி நஸ்ரின் விரலால் தொட்டுப் பார்த்தாள். "அங்கிள், இது வழுக்கற மெழுகு இல்ல, பிடிக்கற மெழுகு!"

நூல் இறுகிப் பிடிக்கக் குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சியது. எனக்குத் தெரியாததா? தெரிந்தும் தோன்றவில்லை.

"வுடுப்பா. கடையில மெழுகுவர்த்தி வாங்கினு வா, போதும்" என்றாள் ஜெனி.

மூலைக்கடைக்கு ஓடினேன். பத்து ரூபாய்க்கு ஒரு மெழுகுவர்த்தி. சில்லறை வாங்கும்போது இரும்பு சிமெண்டில் நீளமாக உரசும் சத்தம். பிறகு நஸ்ரினின் கூச்சல். ஓடிவந்தேன். எதிர்ப்பக்கச் சுவரில் சும்மா முயன்று பார்த்தாளாம், முழுசாக வந்துவிட்டதாம். போனும் என் கையில்தான் இருந்தது.

"இன்னொரு வாட்டி காட்டறேன் பாரு."

மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் தேய்த்து நாலரை மணி வரைக்கும் காட்டப் பார்த்தாள். வரவில்லை.

"மூணு மாசம் கழிச்சு வந்துச்சு, அதுவும் உங்களுக்கு டிமிக்கி குடுத்துச்சே அங்கிள்" என்றாள் நஸ்ரின்.

ஜெனி சிரிக்கவில்லை. "நீ பாக்கலல்ல, அப்போ நான் பண்ணவே இல்லப்பா." விடுதி வாசலில் பலகையை என் கையில் கொடுத்துவிட்டு, "வந்து காட்டறதுக்கு நம்ம தெரு கால்வாய் சுவரு அப்படியேதான கீது?" என்று கேட்டாள்.

"கீதும்மா."

பஸ்ஸில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

திங்கள் காலை ஷிப்டுக்குப் போகும் முன், நீங்கள் எழுவதற்குள், மீதி மெழுகுவர்த்தியைக் கால்வாய் சுவர் விளிம்பில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தேய்த்தேன். பலகையின் பின் அச்சை மேலே வைத்து, முன் அச்சைக் கீழே சாய்த்து, கையால் தள்ளினேன். ஒரு முழம் உரசிக்கொண்டு போனது. கடையில் நின்று கேட்ட அதே சத்தம்.