நாய்க்கான கடதாசிகள்

மலாயாவுக்கு ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு போக என்னென்ன கடதாசி வேண்டும் என்று இன்றைக்கும் என்னால் பார்க்காமல் ஒப்புவிக்க முடியும். விசர்நாய் நோய்க்கு ஊசி போட்ட பத்திரம், அரசாங்க மிருக வைத்தியர் உடம்பைச் சோதித்துக் கொடுத்த பத்திரம், ஊரில் ஆறு மாதமாக விசர்நாய் இல்லை என்று ஊர்த் தலைவரான விதானையாரின் எழுத்து. அத்தனையும் கப்பலில் போய்ச் சேர்ந்தபின் அங்கிருந்து அனுமதி வரவேண்டும். அந்த அனுமதிக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

என் கணவருக்குக் கோலாலம்பூரில் ரயில்வே கிளார்க் வேலை. போய் இரண்டு வருடம் கழித்து என்னை வரச்சொல்லி எழுதினார். நாய் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னிடம் வளர்ந்த பெட்டை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார்; வீடு எனக்குச் சீதனமாக எழுதியது. அவர் டிரங்குப் பெட்டியோடு படியேறிய நாள்முதல் நாலைந்து மாதம் அவரைக் கண்டால் அது குரைக்கும். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அவரும் சிரித்தார்.

விதானையார் எழுத்துத் தருமுன் என்னைப் படாதபாடு படுத்தினார். "ஊரில விசர் இல்லையெண்டு நான் எப்பிடிப் புள்ள எழுதுற? நாய்க்கெண்டா எழுதலாம், மனிசருக்கு எழுதேலா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். நாய்க்கு ஊசி போட வாவியைக் கடந்து பட்டினத்துக்குத் தோணியில் கொண்டுபோனேன். நடு வாவியில் தின்றதையெல்லாம் என் மடியிலேயே சத்தியெடுத்தது. தோணிக்காரர் திட்டியது எனக்கா நாய்க்கா என்று தெரியவில்லை.

அனுமதி கேட்கும் மனுவில் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் யோசிக்காமல் என் பெயரை எழுதி, அங்கே கொடுக்கச் சொல்லி எல்லாவற்றையும் கணவருக்கு அனுப்பினேன். வீடு பெண்ணின் பேரில், வயல் பெண்ணின் பேரில், நாய் மட்டும் யார் பேரில் இருக்கும்?

கணவரிடமிருந்து கடிதம் வந்தது. பெண் பெயரில் எழுதியதால் மனுவைத் தள்ளிவிட்டார்களாம். புருஷன் பெயரைப் போடவேண்டும் என்ற சின்ன விஷயம்கூட உனக்குத் தெரியாதா, இனித் திரும்ப எழுத நாளில்லை, கப்பலுக்கு டிக்கட் எடுத்தாயிற்று, நாயை விட்டுவிட்டு வா என்று எழுதியிருந்தார்.

தலையில் அடித்துக்கொண்டேன். என் மடத்தனத்தால்தானே என்று இரவு பகலாக என்னையே வைதேன். நாயைப் பெரியகல்லாற்றில் இருந்த அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், என் கையாலேயே மாமரத்தில் கட்டினேன். "என்ட பிழை, மன்னிச்சுக்கொள்ளு" என்று அதன் காதருகில் சொன்னேன். தின்ன ஏதோ தரப்போகிறேன் என்று நினைத்து அது என் விரலை நக்கியது.

"போ கா, திரும்பிப் பாராத" என்றாள் அக்கா. நான் பார்த்தேன்.

மலாயாவுக்கு வந்த இரண்டாம் மாதம் அக்காவின் கடிதம் வந்தது. நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது, தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. நான் வாய்விட்டு அழுதபோது கணவர் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிவிட்டார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து, அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைக்க ஊசி தேடி அவர் மேசை லாச்சியைத் திறந்தேன். அடியில் ஒரு நீளக் கடதாசி. பாதிரிமார் பள்ளியில் படித்த இங்கிலீசு அன்றைக்குத்தான் எனக்கு உதவியது. நாயைக் கொண்டுவர அனுமதி, முத்திரையோடு. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர்தான். எனக்கு அவர் கடிதம் எழுதிய தேதிக்கு ஒன்பது நாள் முந்திய தேதி.

அவர் வேலையால் வந்ததும் மேசையில் வைத்தேன். பார்த்தார். பொய் சொல்லவில்லை.

"ஓம், வந்ததுதான்."

"மறுகா ஏன் அப்பிடி எழுதின நீங்க?"

"உன்ட வீட்டில நான் வந்தான் வரத்தான் மாதிரித்தான் கிடந்தன். உன்ட நாய்கூட என்னைப் பார்த்துக் குரைச்சது. எல்லாரும் சிரிச்சீங்க. இது என்ட வீடு. இஞ்ச எனக்கு முதல் உனக்கெண்டு ஒண்டும் இருக்கப்படாது எண்டு நினைச்சன்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அமைதியாகச் சொன்னார், கை கழுவினார், கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். செய்யாத பிழைக்காக நான் ஒரு நாயிடம் மன்னிப்புக் கேட்டேன். பிழை செய்தவர் என்னிடம் சோறு கேட்டார்.