லெவாண்டோவின் ஏழு தலைமுறை

சூடான கோதுமைத் தவிட்டின் மேல் ஆளிவிதைக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஒரு கை கல்லுப்பைத் தூவி, என் அப்பா மரத்துடுப்பால் கிளறும்போது எழுகிற வாசனையை நினைத்தால் இன்றும் எனக்கு நாக்கில் நீர் ஊறும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அது எங்களுக்காகச் சமைத்தது அல்ல. திருநின்றவூர் ஏரிக்கு அந்தப்பக்கம் தயாபரன் என்ற பணக்காரர் வைத்திருந்த பண்ணையில், லெவாண்டோ என்ற பொலிகுதிரைக்காகத் தினமும் மாலை நான்கு மணிக்குத் தயாராகும் உணவு அது. என் அப்பா அருளப்பன் அந்தக் குதிரைக்குச் சேவகர். பண்ணையில் அந்த வேலைக்கு ‘சைஸ்’ என்று பெயர். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கே போய், அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் புத்தகப்பையோடு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்போது பத்து வயது.

லெவாண்டோ ஜெர்மனியிலிருந்து வந்தவன். தடை தாண்டும் போட்டிக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் என்றார்கள். கருப்புக்குச் சற்று முந்திய பழுப்பு நிறம், என் அப்பா எட்டித் தொடும் உயரத்தில் தோள், நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை. அவனுடைய கொட்டடியில் இரண்டு மின்விசிறிகளும் ஒரு குளிரூட்டியும் ஓடும். எதிரே சைஸ்கள் மதியம் சாய்கிற தகரக் கொட்டகையில் ஒன்றும் ஓடாது. அப்பாவுக்கு அந்தப் பெயர் நாக்கில் புரளாததால் ‘கருப்பா’ என்றுதான் கூப்பிடுவார். குதிரையும் அந்தப் பெயருக்குத்தான் காதைத் திருப்பும்.

கொட்டடியின் வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு தேக்குப் பலகை. அதில் பொன்னிற எழுத்தில் லெவாண்டோவின் வம்சாவளி. மேல்பாதியில் தகப்பன் வழி, கீழ்ப்பாதியில் தாய் வழி. அந்த நாட்டில் மகனுக்குத் தகப்பன் பெயரின் முதல் எழுத்திலேயே பெயர் வைப்பார்களாம். ஆகவே லெவாண்டோவின் தகப்பன் லார்கோன், அவனுடைய தகப்பன் லோரிமான், அப்புறம் லுட்கேர், லாஸ்ட்ரின், லண்டாவ், லெக்ஸார். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தினமும் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்டது. ஒரு நாள் நான் வாய்விட்டு ஒப்பித்துக்கொண்டிருந்ததைத் தயாபரன் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளிகள் வந்தால் என்னைப் பலகைக்கு முன்னால் நிறுத்துவது வழக்கமாயிற்று.

தயாபரன் எப்படிப்பட்டவர் என்று சொல்ல அதிகம் வார்த்தை தேவையில்லை. குதிரையேறத் தெரியாது. ஆனால் குதிரையேறுகிறவர்கள் அணியும் நீள பூட்ஸை வெயில் காலத்திலும் கழற்றமாட்டார். எதைப் பேசினாலும் ரத்தத்தில் கொண்டுபோய் முடிப்பார். சமையல்காரர் குழம்பில் உப்பை அதிகமாகப் போட்டால் அது ரத்தம். மருமகன் வியாபாரத்தில் கெட்டிக்காரனாக இருந்தால் அதுவும் ரத்தம். சாராயம் குடிக்காத ஒரே சைஸ் என் அப்பாதான் என்று யாரோ சொன்னபோது, "பரவாயில்லையே, அவன் ரத்தத்துல எப்படி இது?" என்று அப்பாவை வைத்துக்கொண்டே ஆச்சரியப்பட்டார். அதைப் பாராட்டு என்று நினைத்தேதான் சொன்னார். அதைத்தான் இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு, வெள்ளைப் பட்டுச்சட்டை போட்ட ஒரு விருந்தாளி நான் ஏழு பெயரையும் சொல்லி முடித்ததும் கை தட்டிவிட்டு, "சரி பாப்பா, உன் தாத்தா பேரு?" என்று கேட்டார். சொன்னேன். "அவரோட அப்பா?" எனக்குத் தெரியவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா குதிரையின் குளம்பைத் தூக்கி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மொத்தக் கூட்டமும் சிரித்தது. எனக்கு ஒரு சாக்லேட் கிடைத்தது. சிரித்தவர்கள் மேல் எனக்கு அப்போது கோபமே வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கோபம் அப்பா மேல்தான் வந்தது. ஒரு குதிரைக்கு ஏழு தலைமுறை தெரியும்போது நமக்கு ஏன் நான்குகூடத் தெரியவில்லை என்று வீடு வரும்வரை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து நச்சரித்தேன். "தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்றார் அப்பா.

அந்த வருடம் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு பெண்குதிரைக்கு லெவாண்டோவின் முதல் குட்டி பிறந்தது. அந்தக் குட்டியை ஜெர்மனியிலுள்ள இனப்பதிவேட்டில் சேர்க்கவேண்டுமென்று தயாபரன் துடித்தார். சேர்த்துவிட்டால் ஊரிலுள்ள பெண்குதிரைகளெல்லாம் லெவாண்டோவைத் தேடித் திருநின்றவூருக்கு வரிசைகட்டும் என்பது அவர் கணக்கு. பதிவேட்டுக்காரர்கள் குட்டியின் முடியையும் தகப்பனின் முடியையும் வேரோடு கேட்டார்கள், மரபணுச் சோதனைக்கு. லெவாண்டோ கடிப்பான், ஆகவே முடி எடுக்கும் வேலை அப்பாவுக்கு வந்தது. பிடரியில் நாலைந்து முடியாக விரலில் சுற்றி, "கருப்பா, கருப்பா" என்று சொல்லிக்கொண்டே வெடுக்கென்று இழுப்பார். முடியின் நுனியில் வெள்ளையாகக் குமிழ் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். நான் உறையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது முடி. ஒவ்வொன்றையும் நான்தான் எண்ணினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. குட்டி இந்தக் குதிரையின் குட்டிதான், ஆனால் இந்தக் குதிரை லார்கோனின் மகன் இல்லை என்று அதில் இருந்தது. அதாவது பலகையிலிருந்த வம்சாவளி வேறு ஏதோ குதிரையுடையது. நடுவிலிருந்த தரகன் ஒருவன் ஒரு குதிரையின் காகிதத்தைக் கொடுத்து இன்னொரு குதிரையைத் தயாபரன் தலையில் கட்டியிருந்தான். குட்டிக்கும் தகப்பனுக்கும் பொருந்தியிருக்கிறது என்றால் முடி சரியான குதிரையினுடையதுதான் என்பது ஒரு நிமிடம் யோசித்தால் விளங்கும். யோசிக்கத் தயாபரன் விரும்பவில்லை. ஆய்வுக்கூடமே குழம்பிவிட்டது, அதற்குக் காரணம் இங்கே யாரோ முடியை மாற்றி அனுப்பியது என்று முடிவுகட்டினார். யாரோ என்றால் யார்?

மறுநாள் பள்ளி விட்டு நான் போனபோது அப்பாவைக் கொட்டடிக்கு முன்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"கடிப்பான்னு பயந்து பக்கத்து லாயத்துக் கிழட்டுக் குதிரை முடியைப் பிடுங்கி அனுப்பிட்டே. அப்படித்தானே?" என்றார் தயாபரன்.

"இல்ல சார். கருப்பன் முடிதான் சார். வேணும்னா உங்க எதுருலயே இன்னொரு தபா புடுங்கறேன், அனுப்பிப் பாருங்க."

"இன்னொரு தடவை அனுப்பி ஊரெல்லாம் சிரிக்கணுமா?" என்றவர் என்னைப் பார்த்துவிட்டார். குரலை இறக்கி, "வாம்மா. நீதானே அன்னிக்குக் கூட இருந்தே? உங்கப்பா எந்தக் குதிரை முடியை எடுத்தார்? பயப்படாம சொல்லு" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சமும் கலக்கம் இல்லை. மகள் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நிம்மதியாக நின்றார். எனக்கோ அவருக்குப் பின்னாலிருந்த பலகைதான் தெரிந்தது. அத்தனை பொன்னெழுத்தும் பொய்யாக இருக்க முடியுமா? அப்பாதான் ஏதாவது தப்புப் பண்ணியிருப்பாரோ? என் கண்ணால் பார்த்ததைவிட அந்தப் பலகையை நான் நம்பினேன்.

"நான் பாக்கல சார்" என்றேன்.

தயாபரன் திரும்பி உள்ளே போய்விட்டார். கணக்குப்பிள்ளை வந்து, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கஞ்சியைக் கிளறி முடித்து, குதிரைக்கு வைத்து, அது தின்று முடிக்கும்வரை நின்றுவிட்டு, சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வீட்டில் அம்மா கேட்டதற்கு, "வேல பூட்ச்சி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நான் சொன்னதை அவர் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

அதன்பிறகு அண்ணனூர்ப் பணிமனையில் மின்சார ரயில் பெட்டிகளைக் கழுவும் ஒப்பந்த வேலைக்கு அப்பா போனார். மூன்று மாதம் போயிருக்கும். பண்ணைக்கு வந்துபோகும் கால்நடை மருத்துவர் ஹேமா ஸ்கூட்டரில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். தன் கையாலேயே எல்லார் முன்னிலையிலும் முடி எடுத்து வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியதாகவும், அங்கேயும் அதே பதில்தான் வந்ததாகவும் சொன்னார்.

"அருளப்பன், உங்க மேல தப்பே இல்ல. அவருக்கும் தெரியும்."

"அப்ப கூப்ட்டு சொன்னாரா?" என்று கேட்டது அம்மா.

"இல்ல" என்றார் டாக்டர். அவர் வந்தது வேறு காரியத்துக்கு. தகப்பன் பெயர் தெரியாத குதிரையால் இனிமேல் வம்சம் வளரக்கூடாது, விதையடித்துவிடுங்கள் என்று தயாபரன் உத்தரவு போட்டிருக்கிறார். அதற்கு முந்தின மாதம்தான் பெங்களூரில் ஒரு போட்டியில் அதே குதிரை ஒரு கட்டையைக்கூடத் தட்டாமல் எல்லாத் தடையையும் தாண்டிக் கோப்பை வாங்கியிருந்தது. கால் அதே கால், முதுகு அதே முதுகு. மாறியது பலகையில் ஒரு பெயர் மட்டும்தான். டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் மனிதர் மசியவில்லை. புது சைஸை லெவாண்டோ கிட்டேயே விடவில்லை; மயக்க ஊசி போடும்வரை பிடித்துக்கொள்ள அப்பா வேண்டும்.

"அந்த ஆளு வாசப்படிய மிதிப்பியா நீ?" என்றாள் அம்மா.

"அந்த ஆளுக்கா போறேன்? கருப்பன் இன்னா பண்ணான்? தெரியாத கையில ஒதறிக்கினு காலு கீலு ஒடிஞ்சா?" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார்.

நானும் கூடப் போனேன். அப்பாவைக் கண்டதும் லெவாண்டோ கழுத்தை நீட்டி அவர் தோளில் மூக்கை வைத்து ஊதினான். பூட்ஸோடு வேலிக்கருகில் நின்ற தயாபரன், நடுவில் மூன்று மாதம் என்று ஒன்று இருந்ததே தெரியாதவர்போல, "நல்லாப் பிடிச்சுக்கோ" என்றார். அவ்வளவுதான். அப்பா அவர் பக்கம் திரும்பவில்லை. ஊசி ஏறி அந்தப் பெரிய உடம்பு மணலில் மெல்ல மடங்கியபோது, தலை தரையில் மோதாதபடி அப்பா அதைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். டாக்டர் வேலையை முடிக்கும்வரை அவன் கண்ணைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பலகையைத் தேடினேன். அதைக் கழற்றிவிட்டிருந்தார்கள். பெங்களூர்க் கோப்பை மட்டும் அலுவலகக் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருந்தது.

அடுத்த ஆண்டே புதுப் பொலிகுதிரை ஒன்று வந்ததாகவும், அதைவிடப் பெரிய பலகை மாட்டியதாகவும் கேள்விப்பட்டோம். சில மனிதர்களை எது வந்தும் திருத்த முடியாது.

லெவாண்டோவைப் பூந்தமல்லியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் ஒருவர் வாங்கிக்கொண்டார். ஒரு சாயங்காலம் அப்பா தற்செயலாக அவனைப் பார்த்திருக்கிறார். ஜரிகைத் துணியும் தலையில் இறகுமாக மண்டப வாசலில் நின்றிருந்தானாம். மாப்பிள்ளை இன்னும் ஏறவில்லை. யாரோ சரவெடியைக் கொளுத்த, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியவன் எதிரே சாலையில் போட்டிருந்த இரும்புத் தடுப்பை, நிற்காமல், அளவெடுத்தாற்போல எட்டு வைத்து, தாண்டிவிட்டான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தை நான் மறக்கவில்லை. "குளம்பு ஒரசல பாப்பா. ஒரசவே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்துச் சந்தில் நின்றிருந்தவனைக் ‘கருப்பா’ என்று கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தாராம்.

இப்போது பண்ணை இருந்த இடத்தில் மதில் சுவருக்குள் நாற்பது வீடுகள். நுழைவாயிலில் பாயும் குதிரை ஒன்றைச் சிமெண்டில் செய்து பொன்வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள். செய்தவர் குதிரையைப் பார்த்ததில்லை என்பது பின்னங்கால்களிலேயே தெரிகிறது. கொட்டடியும் மணல் களமும் தகரக் கொட்டகையும் போய்விட்டன. தயாபரனும் போய்விட்டார். நான் அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கோவில்பதாகையில் சொந்தமாக ஒரு சின்ன வீடு, அப்பாவும் அம்மாவும் என்னோடு.

போன வருடம் எனக்கு வரன் பார்க்க வந்த ஒரு குடும்பம், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில், "உங்க பூர்வீகம்? தாத்தாவுக்கு அப்பா என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?" என்று கேட்டது. நான் எழுந்து காபி டம்ளர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபிறகுதான், இருபது வருடமாகச் சொல்லாததை அப்பாவிடம் சொன்னேன். அன்றைக்கு நான் பார்த்தேன், முப்பது முடியையும் எண்ணினேன், பொய் சொன்னேன் என்றேன்.

அப்பா மேசையைத் துடைக்க ஈரத்துணியை எடுத்து வந்தார். "தெரியும்" என்றார். "நீ வாய்க்குள்ளயே எண்ணிக்கினு இருந்த. எனக்குக் கேட்டுது."

"அப்ப ஏம்ப்பா ஒண்ணுமே கேக்கல?"

"கோவம்தான். ரொம்ப நாளு இருந்துச்சி. வேல போனதுக்கு இல்ல. அந்த ஆளுகிட்ட போயி என்ன உட்டுக்குடுத்துட்டியேன்னுதான்." ஈரத்துணியால் மேசையிலிருந்த காபிக் கறையைத் துடைத்தவர், "அந்தக் கோவம் எப்ப பூட்ச்சின்னு தெரியல" என்றார்.