சீழ் வைக்காத புண்

அக்காவின் முதல் குழந்தைக்குத் தொப்புள்கொடி விழவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா, தலைப்பிரசவத்துக்கு ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் பிறந்த மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளில் கொடி சருகாகக் காய்ந்து தானே உதிர்ந்துவிடும். அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டுவது எங்கள் வழக்கம். அக்காவைக் கட்டிக்கொண்டவர் அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் சொந்தத் தாய்மாமா. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய அவர், பிள்ளை பிறந்த வாரமே தாயத்தை வாங்கி வந்துவிட்டார். கொடிதான் மாதம் ஒன்று ஆகப்போகும்போதும் ஈரமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அக்காவுக்கு எதையும் கேலியாகச் சொல்லித்தான் பழக்கம். "பாத்தியாட்டி, என் மவன் என்னய விட்டுப் பிரிய மாட்டேங்கான். இவனுக்குப் பொண்டாட்டியா வாரவ பாடு திண்டாட்டம்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். கடைசியில் அது நாற்றத்தோடு பிய்ந்து விழுந்தது. தாயத்தில் வைக்கிற பக்குவத்தில் இல்லை. தொப்புளைச் சுற்றிக் காசு அகலத்துக்குப் புண். பச்சைச் சதை தெரிந்தது. ஆனால் ஒரு சொட்டுச் சீழ் இல்லை.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் துணியைச் சுருட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தத் தொழில்தான். கழிவாகப் போகும் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தி வைத்திருப்போம். குழந்தையைத் துடைப்பதும் புண்ணைக் கட்டுவதும் அந்த வெள்ளைத் துணியால்தான். அதனால்தான் புண் சீழ் பிடிக்காமல் இருக்கிறது என்று அம்மா உறுதியாக நம்பினாள். பார்க்க வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். எதிர்வீட்டு அத்தை குனிந்து பார்த்துவிட்டு, "பேண்டேஜ் வீட்டுப் புள்ளைல்ல, அதான் புண்ணுகூட இம்புட்டு சுத்தமா இருக்கு" என்றாள். ஊசி போட வந்த நர்ஸும் சீழ் இல்லை என்றதும் பயமில்லை என்றார். சீழ் என்றால் கெடுதல், சீழ் இல்லையென்றால் நல்லது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் புண் ஆறவும் இல்லை. தொடையில் ஒரு கொசு கடித்தது. மற்றக் குழந்தைகளுக்கு அது சிவந்து தடித்து இரண்டு நாளில் அமுங்கிவிடும். இவனுக்குச் சிவக்கவில்லை, வீங்கவில்லை. நடுவில் கறுத்து, ஓரம் வெளுத்து, பீடி நெருப்பால் சுட்டதுபோல் ஒரு குழி விழுந்தது. அந்தக் குழி அப்படியே அகன்றுகொண்டு போனது. காய்ச்சல் வரும், மருந்து கொடுத்தால் போகும், மறுபடியும் வரும். ஏழாம் மாதம் பல் முளைத்தபோது ஈறெல்லாம் புண்ணாகி, பால் குடிக்க வாயை வைத்துவிட்டு அலறினான். அக்காவின் கேலிப் பேச்சு அப்போதுதான் நின்றது.

மதுரையில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் போனோம். அவர் புண்ணை வெகுநேரம் பார்த்தார். பிறகு, கொடி எப்போது விழுந்தது என்று கேட்டார். எத்தனையோ பேரிடம் காட்டியிருந்தோம், ஒருவரும் அதைக் கேட்டதில்லை. அடுத்து, சொந்தத்தில் கல்யாணமா என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பி, முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"சீழ்னா அழுக்குன்னு நினைக்கிறீங்க. அது நம்ம ரத்தத்துல இருக்கிற வெள்ளையணுக்கள்மா. கிருமியோட சண்டை போட்டுச் செத்துக் கிடக்கிறதுதான் சீழு. ஊசி போட்டு வர்ற பாதுகாப்பு வேற. இது பிறக்கும்போதே உடம்போட வர்ற காவல். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், அடிபட்ட இடத்துக்கு அதுவா ஓடும். கொடி காய்ஞ்சு விழறதுக்கும் அதோட தயவு வேணும்."

"அப்ப எம் புள்ளைக்கு அது இல்லியா?" என்றாள் அக்கா.

"மத்தவங்களுக்கு இருக்கிறதவிட ரொம்ப அதிகமாவே இருக்கு. ஆனா ரத்தக் குழாயோட சுவரைப் பிடிச்சு நின்னு வெளிய இறங்கணும்ல, அந்தப் பிடி இவனோட அணுக்களுக்கு இல்ல. பஸ் நிறைய ஆள் இருந்தும், சண்டை நடக்கிற ஸ்டாப்புல ஒருத்தராலயும் இறங்க முடியலன்னா எப்படி? அப்படித்தான்."

"இறக்கிவிட மருந்து கிடையாதா டாக்டர்?" என்றார் மாமா.

டாக்டரம்மா மாமாவைப் பார்த்தார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை மாற்றுகிற சிகிச்சை ஒன்று உண்டென்றும், நாங்கள் எட்டிப்பிடிக்கும் இடத்தில் அது இல்லையென்றும் மெல்லிய குரலில் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அக்கா குழந்தையின் கட்டை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது, "எம்புட்டு பேரு உள்ள இருக்காங்களாம், ஒருத்தன்கூட வெளிய வர மாட்டேங்கானே" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

முதல் பிறந்தநாளுக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான். வெறும் தாயத்தை இடுப்பில் கட்டியே புதைத்தோம். சொந்தத்தில் கொடுத்ததால் வந்த வினை என்று ஊர் பேசியது. அம்மாவும் மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். அக்கா பேண்டேஜ் துணி இருக்கும் அறைக்குள் நுழைவதை விட்டாள்.

இரண்டாவதாக அவள் உண்டானபோது வீட்டில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. இதற்கும் வரலாம், வராமலும் போகலாம் என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். பெண் பிறந்தாள். ஒரு வாரத்தில் கொடி விழுந்தது. அம்மா சாமி படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டாள். அக்கா நம்பவில்லை. "கொடி விழுந்துட்டா சரியாப் போச்சா?" என்றாள். பிள்ளையைத் தரையில் விடமாட்டாள். வெயில் காலத்திலும் கைகால் மூடிய சட்டைதான். ஒரு கீறல் விழுந்தால் அந்த நோய் இவளுக்கும் உண்டா என்று தெரிந்துவிடும் என்பதற்காகவே கீறல் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

இன்று அந்தப் பெண்ணுக்கே இரண்டு பிள்ளைகள். தன்னை ஏன் அப்படிப் பொத்தி வளர்த்தார்கள் என்பது அவளுக்குப் பாதிதான் தெரியும். மீதி, ஒரு சித்திரை மாத மதியம் நான் கண்ணால் கண்டது.

அந்தக் கோடையில் குழந்தையின் பின்கழுத்தில் வேனல் கட்டி ஒன்று கிளம்பியது. சிவந்து, எலுமிச்சை அளவுக்கு வீங்கி, தொட்டால் சுட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. பற்றுப் போட ஓடிவந்த அம்மாவை அக்கா கையால் தடுத்தாள். "தொடாதம்மா. செத்த பொறு" என்று அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மதியம் கட்டி தானாக உடைந்து, கெட்டியாக, மஞ்சளாக வழிந்தது. அக்கா அதைத் தன் முந்தானையில் ஏந்தினாள்.

"ஏட்டி, இங்க வா. சீழு! சீழுட்டி!" என்று என்னைக் கூப்பிட்டுச் சிரித்தாள்.

"சீழப் பாத்துச் சிரிக்காளே, இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று அம்மா பதறினாள்.

அக்காவின் சிரிப்பு அதற்குள் வேறாக மாறியிருந்தது. முந்தானையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அவனுக்கு இதுல ஒரு சொட்டு வந்துருக்கக் கூடாதா? ஒரே ஒரு சொட்டு" என்றாள். கட்டி உடைந்த சுகத்தில் குழந்தை அவள் மடியிலேயே தூங்கிப்போனது. அக்காவின் அழுகைதான் பொழுது சாயும்வரை அடங்கவில்லை.