கிளிக்கு என்று கேட்ட சோறு

கல்யாணச் சீராக என் பிறந்த வீட்டில் ஒரு பித்தளைக் குடமும் ஒரு கிளியும் கொடுத்தார்கள். குடத்தை என் மாமனார் தட்டிப் பார்த்து உள்ளே வைத்தார். கிளியைப் பார்த்து, "இதுக்கு யாரும்மா சோறு போடுறது?" என்றார்.

"அது சோறு தின்னாது மாமா. தினம் புதுசா, விதவிதமாப் போடணும்" என்றேன்.

நெல் பால் பிடிக்கும் காலத்தில் காலையில் பால்கதிர். அப்புறம் கொய்யா, கோவைப்பழம், பச்சை மிளகாய். நேற்றையதை இன்று வைத்தால் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடும். "மிராசுதார் வீட்டுப் புள்ள மாதிரில்ல வளர்த்திருக்கே" என்று பழித்தவர், சீக்கிரமே அதற்கு அடிமையாகிப் போனார். வேலை செய்யும் வயலில் நாலு கதிர் ஒடித்துத் துண்டில் முடிந்து வருவது அவர் பொறுப்பாயிற்று.

சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. எங்கள் தெருவில் கூலி மட்டும் மாறவில்லை. தை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டோம். மிராசுதார் முடியாது என்றார். தெருவுக்குச் சங்கத் தலைவர் என் மாமனார்தான். மாரியம்மன் கோயில் வாசலில் நின்று சொன்னார்: "முடிவு தெரியுற வரைக்கும் அவரு வயல்ல நம்மாளு ஒருத்தர் கால் படக்கூடாது. பட்டா அவன் கருங்காலி."

எல்லோரும் கட்டுப்பட்டார்கள், கிளியைத் தவிர. கதிர் வராத கோபத்தில் அது கொய்யாவையும் தொடவில்லை. மாமனார் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதற்கு நியாயம் சொல்லிப் பார்த்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஒரு காலையில் அவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கோயில் வாசலுக்குக் கூட்டி வந்தாள் நடவுப் பெண்களின் தலைவி. வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. துண்டில் பால்கதிர். மிராசுதார் பிந்தி நட்ட வயலில் ஒடித்தது.

"நான் வயல்ல கால் வைக்கவே இல்ல. வாய்க்கால்ல நின்னு எட்டி ஒடிச்சேன். வாய்க்கா புறம்போக்கு, கவர்மெண்டு எடம்" என்றார்.

"வாய்க்கா கவர்மெண்டுதுங்க. கதிரு யாருது?" என்றாள் அவள்.

நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன். ஆனால் பயமும் இருந்தது. மிராசுதாரின் காரியக்காரர் காதுக்குப் போனால், 'உங்க தலைவரே கை வச்சிட்டாரு' என்று சொல்லியே கட்டுப்பாட்டை உடைத்துவிடுவார். தெருவே அறுப்பை விட்டுவிட்டு வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவளே தண்டனை சொன்னாள். வேலைநிறுத்தம் முடியும்வரை தலைவர் தினமும் கூண்டோடு வீடு வீடாகப் போய்க் கிளிக்குத் தீனி கேட்க வேண்டும்.

போனார். ஒரு வீட்டில் கொடுக்காப்புளி, ஒரு வீட்டில் வெள்ளரிப் பிஞ்சு, ஒரு வீட்டில் பூசணி விதை. கிளிக்குக் கொண்டாட்டம். வெட்கங்கெட்ட பிறவி, பால்கதிரை மறந்தே போயிற்று.

தெருக்கோடி வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் சுருண்டு கிடந்தார்கள். அந்த வீட்டுப் பெண் வேலியெல்லாம் தேடி ஒரே ஒரு கோவைப்பழம் பறித்துக் கூண்டுக்குள் போட்டாள். திரும்பி வந்த மாமனார், நான் வடித்து வைத்திருந்த சோற்றைப் பானையோடு தூக்கிக்கொண்டு அங்கே போனார்.

மறுநாளிலிருந்து ஒரு கையில் கூண்டு, ஒரு கையில் பானை. அடுப்பு எரிந்த வீட்டில் நின்று, "கிளிக்குக் கொஞ்சம் சோறு போடும்மா" என்பார். எரியாத வீட்டில் இறக்கி வைப்பார். கிளி சோறு தின்னாது என்பது தெருவுக்கே தெரியும். ஒருவரும் கேட்கவில்லை.

காரியக்காரர் மட்டும் என்னை வழியில் நிறுத்தினார். "இன்னும் எத்தனை நாள் தாங்குவீங்கன்னு பார்க்கிறோம். அது சரி, உங்க மாமனார் பானை பானையா வாங்கிட்டுப் போறாரே, ஒரு கிளி அவ்வளவு சோறா தின்னும்?"

"எங்க கிளி தெருவளவு பெரிசுங்க" என்றேன்.

அந்த வாரமே மிராசுதார் கூலி பேச ஆள் அனுப்பினார்.