பழைய பெட்டியில் ஓட்டிப் பார்த்தீங்களா?

மெஹருன்னிசா இறந்த செய்தி எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் வந்தது. அந்தக் குழுவிலிருந்து அவரை நீக்கி ஒன்றரை வருடம் ஆகிறது. காய்ச்சல் என்று சேலத்தில் சேர்த்து நான்கே நாளில் போய்விட்டாராம். செய்திக்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். ‘நம் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்’ என்று மேலாளர் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடும்பமாம். நானும் கைகளைக் கூப்பிவிட்டுத்தான் அவர் ஊரான பொம்மிடிக்குப் பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுப்புழு வளர்ப்பு மனைகளில் சூட்டையும் ஈரத்தையும் அளந்து, எல்லை மீறினால் விவசாயியின் போனை அடிக்க வைக்கும் சிறு கணினிப் பெட்டிகள் எங்களுடையவை. அவற்றில் ஓடும் பைத்தான் நிரலை மெஹரும் நானும் எழுதினோம். வெளியீடுகள் எல்லாம் அவர் பெயரில் போகும்.

எனக்கும் அவருக்கும் ஒரே வயது. பேச்சில் மட்டும் அவர் எப்போதும் ஒரு படி மேல். பெண்ணாகரம் பக்கம் ஒரு மனைக்குப் புதுப் பெட்டி பொருத்தப் போனபோது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரையில் எரிந்த பச்சை விளக்கைக் காட்டிப் பெருமைப்பட்டேன். மெஹர் சிரித்தார். “வெளக்குக்கு என்னங்க, எரியச் சொன்னா எரியும். போன் அடிச்சுதா, அதைப் பாருங்க” என்றார்.

பைத்தான் நிரலைக் கட்டி அனுப்பும் பொட்டலத்துக்கு வீல் என்று பெயர். எந்தப் பைத்தானில், எந்த வகைக் கணினியில், எவ்வளவு பழைய லினக்ஸ் வரை அது ஓடும் என்பதெல்லாம் அதன் கோப்புப் பெயரிலேயே இருக்கும். போன வருடப் பங்குனியில், வீலைக் கட்டும் கருவியின் புதிய பதிப்புக்கு நான் மாறினேன். யாரையும் கேட்கவில்லை. புதுக் கருவி புதிய லினக்ஸுக்குத்தான் கட்டியது. எங்கள் பெட்டிகளில் இருந்ததோ பழையது. ‘இந்தக் கணினிக்கு இந்த வீல் ஆகாது’ என்று பெட்டி திருப்பியடித்தது. காரணத்தைத் தேடாமல் நான் கோப்பின் பெயரில் பழைய லினக்ஸுக்கான குறியை எழுதிவிட்டேன். இப்போது பெட்டி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

“பழைய பெட்டியில ஓட்டிப் பாத்தீங்களா?” என்று மெஹர் கேட்டார்.

“பாத்துட்டேங்க” என்றேன். ஏற்றிப் பார்த்ததோடு சரி, ஓட்டவில்லை. என்னை நம்பி அவர் வெளியீட்டை அனுப்பினார்.

நிரல் எந்தப் பெட்டியிலும் எழவே இல்லை. பச்சை விளக்கை எரிய வைப்பது வேறொரு நிரல் என்பதால் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் மாதம்மாள் என்ற விவசாயியின் மனையில், கூடு கட்ட நாலு நாளே இருந்த புழுக்கள் வெக்கையில் செத்தன. மெஹர் போய் நின்றார். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

“போன் அடிக்கும்னு நம்பித்தானே கொல்லைக்குத் தழை வெட்டப் போனேன்? வந்து பாத்தா அத்தனையும் செத்துக் கெடக்குதே!” என்று மாதம்மாள் கத்தியது எனக்குக் கேட்டது.

“தப்பு எங்களுதுங்க அக்கா” என்றார் மெஹர். வேறு ஒரு சாக்கும் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியைக் கழற்றி வந்து மேசையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேடினார். கடைசியில் வீலைப் பிரித்தார். உள்ளே கருவி எழுதி வைத்த குறி புதிய லினக்ஸுக்கானது. வெளியே கோப்புப் பெயரில் பழையது. கருவி அப்படிச் செய்யாது, ஆள்தான் செய்திருக்க வேண்டும். யார் என்று அவர் கேட்கவில்லை. இனி எந்த வீலையும் பழைய பெட்டியில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அனுப்ப முடியும் என்று ஒரு சோதனையை எழுதி முடித்தார்.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் கேட்டார்: “யார் செஞ்சது?” மெஹர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். வெளியீட்டில் அவர் பெயர் இருந்தது. அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அந்த வாரமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பஸ் நிலையம் வரை கூடப் போனேன். “உங்க பேரை நான் சொல்லலீங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

போன வாரம் மாதம்மாளிடம் செய்தியைச் சொல்லப் போனேன். முறத்தைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு ஆத்திரத்துல கத்திட்டேன். தப்பு அந்தப் பொண்ணு மேல இல்லைன்னு வூட்டுக்குள்ள போனதுமே தோணிடுச்சு. தப்பு செஞ்சவன் எதுக்க வந்து நிப்பானா?” என்றார்.

நான் அவர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மாதம்மாள் மனையிலிருந்து கழற்றிய பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. மெஹர் எழுதிய சோதனை இன்றும் ஒவ்வொரு வெளியீட்டையும் அதில் ஓட்டிப் பார்க்கிறது. அந்தச் சோதனையின் தலையில் இருந்த அவர் பெயரை யாரோ அழித்திருந்தார்கள். நேற்று திரும்ப எழுதினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்தப் பெட்டியும் அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியும்தான். அதற்கான பதிலை அதே குழுவில், மேலாளர் எழுதிய அந்த வரிக்குக் கீழே போடுகிறேன்: ஓட்டிப் பார்க்கவில்லை மெஹர். கோப்பின் பெயரை மாற்றியது நான்.