பெயரும் தெருவும்

இந்த ஊரில் கூட்டத்தில் பேச எழுந்திருப்பவர்கள் ஒருவரும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. கனடாவுக்கு வந்து இரண்டு பனிக்காலம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. பனியைக் கண்டு பயப்படுவேன் என்று நினைத்துத்தானே காஞ்சிபுரத்து உறவுக்காரர்கள் கம்பளி கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்? பனி என்ன செய்யும், குளிரும், அவ்வளவுதான். வரிசையாகப் போட்ட நாற்காலிகளைப் பார்த்தால்தான் எனக்கு உதறல். எந்த மண்டபத்துக்குப் போனாலும் கதவோரமாக உட்காருவேன். கடைசி வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

போன வாரம் தெருக்களில் பனி அள்ளுவது பற்றி ஊர்க்கூட்டம். பக்கத்து வீட்டு டோரத்தி, நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, "யாரைத் தேடுகிறாய்?" என்றாள். என் ஓட்டை ஆங்கிலத்தில், "போலீஸ் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்றேன். நல்ல மனசுக்காரி. எனக்கு ஏதோ உதவி வேண்டும் என்று நினைத்து, மூலையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த போலீஸ்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டே விட்டாள். அவரும் கோப்பையோடு வந்து, "என்னம்மா தொந்தரவு?" என்று குனிந்தார். நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். என் கணவர்தான், "ஒன்றுமில்லை ஐயா, சும்மா" என்று சிரித்து அனுப்பினார். சும்மாவாம்! இவரால்தானே எனக்கு இந்தப் பயமே வந்தது.

எமர்ஜென்சி நாளில், எங்கள் பிள்ளையார்பாளையத்துக் கல்யாண மண்டபத்தில் ஒருவர் பேச வந்தார். அவர் பெயரை இங்கே எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை. மந்திரியோ சாமியாரோ ஜவுளி முதலாளியோ, யாரையும் விடமாட்டார். சிரிக்க வைத்தே தோலை உரிப்பார். நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டுக் கும்பல் கும்பலாக வந்திருந்தார்கள். நகைச்சுவை மட்டும்தான், அரசியல் கூடாது என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்திருந்தார்களாம். கடைசி வரிசையில் ஒருவர் வெள்ளைச் சட்டையும் காக்கிக் கால்சட்டையுமாக உட்கார்ந்து மடியில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் யார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பேச்சாளர் ஒவ்வொரு வரி சொன்னதும் ஜனங்கள் முதலில் அந்த ஆளைப் பார்த்தார்கள், அப்புறம்தான் சிரித்தார்கள்.

என் கணவர் அப்போது அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். தாமல் ஏரிக்கரையில் பிறந்தவர், பிடிவாதம் கூடவே பிறந்தது. அவரோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியாரை ஒரு நாள் விடிகாலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே போனார், இருக்கிறாரா இல்லையா, ஒரு தகவலும் இல்லை. அவர் சம்சாரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து அழும்போதெல்லாம் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். அன்றைக்கு மண்டபத்துப் படி ஏறும்போதுதான் என்னிடம் சொன்னார்:

"இன்னிக்குக் கேக்கப் போறேன். ஊர்ல பயப்படாத மனுசன் இவரு ஒருத்தருதான். இவரே பதில் சொல்லலன்னா வேற யாரு சொல்லுவாங்க?"

"ஐயோ, வேணாங்க. உங்களையும் இட்டுக்கினு போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? வயித்துல ஒண்ணு இருக்குது, பாத்துக்கோங்க."

அவர் முன்னால் ஏறிப் போனார். பேச்சு முடியும்வரை அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி நேரம் வந்தது. "கேக்கறவங்க பேரும் தெருவும் சொல்லிட்டுக் கேளுங்கப்பா" என்று கூட்டத் தலைவர் அறிவித்தார். அதற்கு முன் எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. யார் சொல்லிக் கொடுத்தது என்று எல்லோருக்கும் புரிந்தது. மண்டபமே தறி நின்ற வீடு மாதிரி ஆகிவிட்டது. இவர் எழுந்துவிட்டார்! நான் இழுக்கிறேன், வருவேனா என்கிறார்.

"ஐயா, எங்க பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தரப் பத்திக் கேக்கணும். என் பேரு..."

"இருங்க சார், இருங்க!" பேச்சாளர் கையை உயர்த்தினார். அவர் கண் இவரைப் பார்த்தது, என் கையைப் பார்த்தது, கடைசி வரிசைக்கும் போய் வந்தது. "பக்கத்துல அம்மா சட்டையப் புடிச்சி இழுத்துக்கினு இருக்காங்க, பாருங்க. வீட்டுல வாயத் தொறக்க முடியாத வாத்தியாருங்கதான் கூட்டத்துல கேள்வி கேப்பாங்க. உக்காருங்க சார், சட்டை கிழிஞ்சா ராத்திரி சோறும் கிடைக்காது!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. இவர் மறுபடி வாயைத் திறந்தார். சிரிப்பில் ஒன்றும் எடுபடவில்லை. கடைசி வரிசைக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேனா சட்டைப் பைக்குள் போய்விட்டது. இவர் காதெல்லாம் சிவக்க உட்கார்ந்தார்.

வெளியே வரும்போது வாசலில் பேச்சாளர் சோடா குடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடி டம்ளர் அவர் பல்லில் கடகடவென்று அடித்தது. ஊரில் பயப்படாத ஒரே மனுசன்! என்னைப் பார்த்து, உதடு அசையாமல், "கைய மட்டும் விட்றாதம்மா" என்றார்.

இவருக்கு அது கேட்கவில்லை. ஊர் சிரிக்கும்படி பண்ணிவிட்டாய் என்று என்னோடு வெகு நாள் பேசவில்லை. கணக்கு வாத்தியார் எமர்ஜென்சி முடிந்து திரும்பி வந்தார். எங்கே இருந்தார் என்று யாரிடமும் சொல்லவில்லை. இவரும் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. பிள்ளை பிறந்து, இவர் அண்ணன் அழைத்து, இங்கே வந்தபோதும் அப்படியேதான் இருந்தார்.

போன வாரம் வரைக்கும்.

"வேறு யாருக்காவது கேள்வி உண்டா?" என்று தலைமை தாங்கிய அம்மாள் கேட்டதும் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. இவர் கைதான். என் கை தன்னால் அவர் சட்டைக்குப் போனது. கனத்த கோட்டுக்கு அடியில் சட்டை எங்கே சிக்குகிறது? வழவழப்பான துணி, வழுக்கிக்கொண்டே போனது. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"உங்கள் பெயர், தெரு?" என்றாள் அந்த அம்மாள். மேசையில் ஒரு பெண் பேனாவை எடுத்தாள்.

இவர் தன் அப்பா பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும் சொன்னார். பிறகு, "பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்" என்றார்.

"அது நம் தெரு இல்லையே?" என்று டோரத்தி என் காதில் கிசுகிசுத்தாள். எழுதுகிற பெண் தலை நிமிர்ந்து, "மன்னிக்கவும், எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. இவர் ஒவ்வொரு எழுத்தாக, வகுப்பில் சொல்வது போல நிறுத்திச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். அப்புறம் இவர், பனி அள்ளும் வண்டி எங்கள் சந்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். போலீஸ்காரர் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். என் கை கோட்டின் மேலேயே இருந்தது. இழுக்கவில்லை. விடவுமில்லை.