ஒளிக்காமல் வந்த காபி

என் அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் காபிக்கடை வைத்திருக்கிறார். "தூங்கி வழியுற டாக்டருங்கள எழுப்பி விடுறதே நான்தான்" என்று பீற்றிக்கொள்வார். வாய் கொஞ்சம் நீளம்.

அக்காவுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் என்றதும் அந்த வாய் அடைத்துப்போனது. மற்ற மருந்துகள் கைவிட்டபின், சோதனையில் இருக்கும் மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

"கட்டி தன்னைச் சுத்தி அடினோசின்னு ஒண்ணைச் சேர்த்து வச்சிருக்கு. நோயை எதிர்க்கிற செல்லு மேல அதுக்குன்னு ஏற்பி இருக்கு. நாற்காலின்னு வச்சுக்குங்க. அடினோசின் வந்து உக்காந்தா செல்லு தூங்கிடும். மாத்திரை முந்திப்போய் அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். ஆனா காபி கூடவே கூடாது. அதுவும் அதே நாற்காலிக்குத்தான் போகும். மருந்தோட வேலை எது, காபியோட வேலை எதுன்னு எங்களுக்குப் பிடிபடாது."

கடைசி வாக்கியம் அத்தான் காதில் ஏறவே இல்லை. வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேட்டியா மச்சான்? மருந்து செய்யுற வேலையத்தான் என் காபி செய்யுதாம்!"

ரெண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்பது அவர் கணக்கு. கஞ்சி பிளாஸ்கில் கடுங்காபியை ஒளித்து, அக்கா படுத்திருந்த வார்டுக்குக் கொண்டுபோனார். அக்காவும் பாவம், அவர் மனசு நோகக் கூடாதென்று குடித்தாள். அவளுக்கு நெஞ்சு படபடத்துக் குட்டு வெளிப்பட்டது. நர்ஸ் பிளாஸ்கைப் பிடுங்கிக்கொண்டார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. டாக்டரம்மா எங்களைத் தன் அறைக்கு அழைத்துச் சொன்னதும் அத்தான் கைகூப்பினார்.

"நான்தாம்மா கெடுத்துட்டேன்."

"இல்லைங்க. மாத்திரை ரத்தத்துல போதுமான அளவு இருந்துச்சு. கட்டி தப்பிக்க வேற வழியும் வச்சிருக்கு. உங்க காபியால ஒண்ணும் ஆகல."

"இன்னொரு தடவை நல்லாப் பாருங்கம்மா. என்னாலதான் இருக்கும்."

அவரால் என்றால் திருத்திக்கொள்ளலாமே! அந்தப் பிடியும் போனது. திட்டிய நாக்கைக் கடித்துக்கொண்டேன்; அடக்க முடியாமல் அழுகை வந்தது.

"மாத்திரையை நிறுத்திடலாம்" என்றார் டாக்டரம்மா. "இனிமே அவங்க காபி குடிக்கலாம்."

அத்தான் கடைக்குப் போய், பார்த்துப் பார்த்து ஒரு காபி போட்டார். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று படியேறும் வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

அக்கா எழுந்து உட்கார்ந்து கப்பை வாங்கிக்கொண்டாள். ஆவியை முகர்ந்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒளிக்காமக் கொண்டு வந்திருக்கீங்க. அப்ப மாத்திரை கிடையாதா?"